கோள் அறிவியல் தரவுக் காப்பகத்தில் தேடவும் பதிவிறக்கவும் பழகுவது எப்படி?

நிலவையும் செவ்வாயையும் சுற்றிவந்த விண்கலங்கள் அனுப்பிய மூலத் தரவுகள் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளும் வகையில் இணையத்தில் இருக்கின்றன என்பது கோவையிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் இயற்பியலோ நிலவியலோ படிக்கும் மாணவர்களுக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் அந்தக் காப்பகத்துக்குள் நுழைந்தவுடன் எதைக் கேட்பது, வந்து குவியும் பட்டியலில் எதை எடுப்பது, எடுத்தது முழுமையாக வந்து சேர்ந்ததா என்று எப்படிச் சரிபார்ப்பது என்பவற்றைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் முதல் நாளே கிடைத்ததையெல்லாம் இறக்கி, திறக்க முடியாத கோப்புகளால் கணினியை நிரப்பிக்கொண்டு, இரண்டாம் நாள் முயற்சியைக் கைவிடுகிறார்கள். கேள்வியை முதலில் எழுதிக்கொண்டு, கோப்பில் என்ன இருக்கிறது என்று சொல்லும் லேபிளை அடுத்துப் படித்து, தரவைக் கடைசியாக இறக்குவதுதான் இந்த வேலையில் பழக வேண்டிய வரிசை. கீழே சொல்லப்படும் பயிற்சிகள் எல்லாம் அந்த வரிசையைக் கைக்குப் பழக்குவதற்காகவே அமைந்தவை.

பழகுவதற்கு நிலவையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. செவ்வாய்க்குத் தரவு அதிகம்தான் என்றாலும், அங்கே தூசிப் புயலும் மேகமும் பருவமும் குறுக்கே வருவதால் புதியவருக்குக் குழப்பம் கூடும். மேலும் கொங்கு நாட்டுக்கு நிலவோடு ஓர் உறவு உண்டு. சந்திரயான்-1 திட்ட இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியில் பிறந்தவர். சந்திரயானின் தரையிறங்கி (லேண்டர்), ஊர்தி (ரோவர்) ஆகியவற்றின் சோதனைக்காக இஸ்ரோ உருவாக்கிய செயற்கை நிலவு மண்ணுக்கான அனார்த்தசைட் பாறை, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளிலிருந்து எடுக்கப்பட்டது. இந்தப் பாறைக்குக் கடைசிப் பயிற்சியில் மீண்டும் வருவோம்.

எந்தக் காப்பகம்?

நாசாவின் கோள் தரவு அமைப்பான பிடிஎஸ் ஒரே கட்டடத்தில் இயங்கும் ஒரே நிறுவனம் அன்று. துறைவாரியாகப் பிரிக்கப்பட்ட மையங்களின் கூட்டமைப்பு அது. தரையும் பாறையும் பற்றிய தரவுகளைச் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உள்ள புவி அறிவியல் மையமும், வளிமண்டலத் தரவுகளை நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகமும், வளையங்களும் அவற்றைச் சூழ்ந்த துணைக்கோள்களும் பற்றியவற்றைச் செட்டி (SETI) நிறுவனமும், வால்மீன் சிறுகோள் தரவுகளை மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் பேணுகின்றன. சனிக்கோளைச் சுற்றிய காசினி எடுத்த படம் வேண்டுமானால் வளைய மையத்தின் ஓபஸ் என்னும் தேடுகருவிக்குப் போக வேண்டுமே தவிர, நிலவுக்கான தேடுகருவியில் அதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் காப்பகம் மாட்ரிட் நகருக்கு அருகிலிருந்து இயங்குகிறது. இந்தியத் தரவுகள் பெங்களூருவை அடுத்த பியாலாலுவில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தின் வசம் இருக்கின்றன. அதன் இணைய வாயிலுக்குப் பிரதான் என்று பெயர். அங்கே இலவசப் பதிவு செய்து உள்நுழைய வேண்டும்.

நிலவுப் பயிற்சிக்குப் புவி அறிவியல் மையத்தின் சுற்றுப்பாதைத் தரவுத் தேடியான ஓடிஈ மிகவும் ஏற்றது. செவ்வாய், நிலவு, புதன், வெள்ளி ஆகிய நான்குக்கும் தனித்தனிப் பக்கங்கள் அதில் உண்டு. வெவ்வேறு மையங்களில் கிடக்கும் தரவுகளையும் ஒரே வரைபடத்தில் வைத்துத் தேட முடியும்.

முதல் பயிற்சி: விக்ரம் நிற்கும் இடம்

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த இடம், எந்தக் கருவி, எந்தக் காலம், கருவியின் கோணல்கள் நீக்கி எந்த அளவுக்குச் செப்பனிடப்பட்ட தரவு. இந்தப் பயிற்சிக்கு விடைகள் இவை. சந்திரயான்-3இன் தரையிறங்கியான விக்ரம் இறங்கிய சிவசக்தி முனை தெற்கு 69.37 பாகை, கிழக்கு 32.32 பாகையில் இருக்கிறது. கருவி, 2009 ஜூன் 18 அன்று ஏவப்பட்ட, நிலவைச் சுற்றும் நாசாவின் எல்ஆர்ஓ விண்கலத்தின் குறுங்கோணக் கேமரா. காலம், தரையிறங்கிய 2023 ஆகஸ்ட் 23க்கு முன்னும் பின்னும். செப்பனிடும் நிலையைப் பிறகு பார்ப்போம்.

இடத்தைக் கட்டங்களில் நிரப்பும்போதுதான் முதல் தடுமாற்றம் வரும். தெற்கு அட்சரேகையைக் கழித்தல் குறியுடன் தர வேண்டும், அதாவது −69.37. தீர்க்கரேகையைச் சில தரவுத்தொகுதிகள் 0 முதல் 360 வரை கிழக்கு நோக்கி எண்ணுகின்றன; சில −180 முதல் 180 வரை எண்ணுகின்றன; செவ்வாய்க்கான பழைய தொகுதிகளில் மேற்கு நோக்கி எண்ணும் வழக்கமும் இருந்தது. நிலவின் டைக்கோ பெருங்குழியின் தீர்க்கரேகை மேற்கு 11.36 பாகை. அதுவே கிழக்கு நோக்கி எண்ணினால் 348.64. செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தி இறங்கிய கேல் குழி கிழக்கு 137.4 பாகை. அதை மேற்கு நோக்கி எண்ணும் பட்டியலில் 222.6 என்று தேட வேண்டும். விக்ரம் நிற்கும் இடம் கிழக்கில் 180க்குள் இருப்பதால் முதலிரண்டு முறைகளிலும் எண் மாறாது. அந்த வசதிக்காகவே அதை முதல் பயிற்சியாக வைத்தேன். அது முடிந்தபின் டைக்கோவை இரண்டு முறைகளிலும் தேடிப் பாருங்கள்.

அடுத்து, எவ்வளவு பெரிய பெட்டி போடுவது என்ற கேள்வி. நிலவின் ஆரம் 1,737.4 கிலோமீட்டர் என்பதால், அட்சரேகையில் ஒரு பாகை ஏறக்குறைய 30.3 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் ஒரு பாகை நிலநடுக்கோட்டில் அதே அளவுதான் என்றாலும், 69.37 பாகைத் தெற்கில் அது சுமார் 10.7 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். எனவே −69.42 முதல் −69.32 வரையும், 32.2 முதல் 32.45 வரையும் பெட்டி போட்டால், பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் கொண்ட நிலம் அகப்படும். குறுங்கோணக் கேமராவின் இடது, வலது அலகுகள் இரண்டும் சேர்ந்து 50 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் அகலமே பார்க்கும் என்பதால், இதைவிடப் பெரிய பெட்டி தேவையில்லாத படங்களைத்தான் கொண்டுவந்து கொட்டும்.

இப்போது காலத்தை 2023 ஆகஸ்ட் 20 முதல் செப்டம்பர் 10 வரை என்று குறுக்குங்கள். காப்பகத்தில் எல்லா நேரங்களும் உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. ஆகஸ்ட் 23 மாலை 6 மணி தாண்டி நாம் தொலைக்காட்சியில் பார்த்த தரையிறக்கம் காப்பகக் கணக்கில் அதே நாள் பகல் 12.33. நள்ளிரவுக்கும் விடியற்காலை ஐந்தரைக்கும் இடையே நம் நேரப்படி நடந்த நிகழ்வானால், தேதியே ஒரு நாள் பின்னால் போய்விடும். தரையிறங்கி நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 27 அன்று எல்ஆர்ஓ இந்த இடத்தைச் சாய்வாகப் படம் பிடித்தது. உங்கள் பட்டியலில் அந்தத் தேதி தென்பட்டால் தேடல் சரியாக அமைந்தது என்று பொருள்.

பட்டியல் காலியாக வந்தால் சோர்வடைய வேண்டாம். வேண்டுமென்றே ஒருமுறை காலியாக வரச் செய்து பாருங்கள். சூரிய ஒளி படும் கோணம் (தலைக்கு நேர் மேலிருந்து அளப்பது) 60 பாகைக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று வடிகட்டியில் குறித்துவிட்டுத் தேடினால், இந்த இடத்துக்கு ஒரு படமும் வராது. நிலவின் அச்சு சூரியனைப் பொறுத்து ஒன்றரைப் பாகை அளவே சாய்ந்திருப்பதால், 69 பாகைத் தெற்கில் உச்சிப் பொழுதில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 22 பாகைக்குச் சற்று மேல்தான் ஏறும். ஒளிக்கோணம் 67 பாகைக்குக் கீழே இறங்கவே வழியில்லை. தரவு இல்லாமல் போகவில்லை, நம் கேள்விதான் நிலவில் நடக்க முடியாத ஒன்றைக் கேட்டது என்று புரிந்துகொள்ளும் இந்தப் பயிற்சி, பத்துப் படங்களை இறக்குவதைவிடப் பயனுள்ளது. காலியான பட்டியலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்ஆர்ஓ தரவுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொகுதியாக வெளியிடப்படுகின்றன. ஆகவே சென்ற வாரத்துப் படத்தைத் தேடிப் பயனில்லை.

லேபிளைப் படித்தல்

ஒவ்வொரு தரவுக் கோப்புக்கும் ஒரு லேபிள் உண்டு. அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பாராமல் கயிற்றைக் கையில் வாங்குபவர் இல்லை. லேபிளைப் படிக்காமல் கோப்பை இறக்குவதும் அப்படிச் செய்யக் கூடாத காரியமே. பழைய முறையான பிடிஎஸ்3இல் லேபிள் என்பது சாதாரண எழுத்துக் கோப்பு. இடப்பக்கம் ஒரு பெயர், சமக்குறி, வலப்பக்கம் அதன் மதிப்பு என்று வரிவரியாகப் போகும். புதிய முறையான பிடிஎஸ்4இல் அது எக்ஸ்எம்எல் கோப்பு. இஸ்ரோவின் சந்திரயான்-2 தரவுகள் இந்தப் புதிய முறையில் வெளியிடப்பட்டவை. எல்ஆர்ஓ குறுங்கோணக் கேமராவின் கோப்புகளில் லேபிள் தனியாக இல்லாமல் படக்கோப்பின் தலையிலேயே ஒட்டியிருக்கும். அதை மட்டும் படிக்க முழுக் கோப்பையும் இறக்க வேண்டியதில்லை. தேடுகருவியில் அந்தப் படத்துக்கு உரிய பக்கத்திலேயே அது காட்டப்படும்.

லேபிளில் முதலில் பார்க்க வேண்டியவை வரிகளின் எண்ணிக்கை, ஒரு வரியில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை, ஒரு புள்ளிக்கு எத்தனை பிட் என்ற மூன்றும்தான். இவற்றைப் பெருக்கினால் கோப்பின் பருமன் வந்துவிடும். குறுங்கோணக் கேமராவின் முழுநீளப் படம் ஒன்றில் 52,224 வரிகளும், வரிக்கு 5,064 புள்ளிகளும் இருக்கும். மூலத் தரவில் புள்ளிக்கு 8 பிட், அதாவது ஒரு பைட். பெருக்கினால் 26 கோடியே 44 லட்சம் பைட், ஏறத்தாழ 250 எம்பி. செப்பனிட்ட தரவில் புள்ளிக்கு 16 பிட் என்பதால் அது இரட்டிப்பாகி 500 எம்பியைத் தொடும். இடமும் வலமும் சேர்ந்தால் ஒரு ஜிபி. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தரும் கைபேசித் திட்டத்தைக் கணினியோடு இணைத்து வேலை செய்யும் மாணவருக்கு இந்தப் பெருக்கல் கணக்கு வெறும் பாடமன்று. அன்றைய நாளில் எதை இறக்கலாம், எதைக் கல்லூரி ஆய்வகத்துக்கு ஒத்திவைக்கலாம் என்ற முடிவே அதிலிருந்துதான் வருகிறது.

மூலத் தரவா, செப்பனிட்டதா என்ற கேள்விக்கு என் விடை எளிது: அளக்கப் போகிறீர்கள் என்றால் செப்பனிட்டதையே எடுங்கள். இந்தக் கேமரா 12 பிட்டில் பதிந்ததை 8 பிட்டாகச் சுருக்கித்தான் பூமிக்கு அனுப்புகிறது. அந்தச் சுருக்கம் சீரானதன்று. எனவே மூலக் கோப்பில் ஒரு புள்ளியின் எண் மற்றொன்றைப்போல் இருமடங்காக இருந்தால் அங்கே ஒளியும் இருமடங்கு என்று சொல்ல முடியாது. செப்பனிட்ட கோப்பில் இந்தக் கோணல்கள் நீக்கப்பட்டிருக்கும். மூலத் தரவு, செப்பனிடும் முறையையே ஆராய்பவர்களுக்கானது. மூன்றாவதாக முன்னோட்டப் படம் ஒன்றும் கிடைக்கும். அது சிறியது, கண்ணுக்கு எடுப்பாக இருக்கும்படி ஒளி கூட்டப்பட்டது. இடம் சரியா, நிழல் அதிகமா என்று பார்க்க அது போதும். அதை வைத்து எதையும் அளந்து எழுதக் கூடாது.

இறக்குதல்

ஒரே ஒரு படம் என்றால் உலாவியில் நேராக இறக்கலாம். பல படங்கள் என்றால் தேடுகருவியின் கூடையில் சேர்த்து, மின்னஞ்சல் முகவரி கொடுத்துக் கோரிக்கை அனுப்பினால், தொகுத்து வைத்த இடத்தின் இணைப்பு அஞ்சலில் வரும். இவை இரண்டையும்விட, டபிள்யூகெட், கர்ல் போன்ற கட்டளைவழிக் கருவிகளைப் பழகிக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். மின்சாரமோ இணைப்போ பாதியில் போனால், விட்ட இடத்திலிருந்து தொடரும் விருப்பம் அவற்றில் இருக்கிறது. உலாவி பல வேளைகளில் முதலிலிருந்து தொடங்கும். ஒரு கோப்புறை முழுவதையும் இறக்கும்போது, மேல் கோப்புறைக்கு ஏறக் கூடாது என்ற விருப்பத்தைத் தவறாமல் சேர்க்க வேண்டும். இல்லையேல் கருவி இணைப்புகளைப் பின்பற்றிக்கொண்டு காப்பகத்தின் பிற பகுதிகளுக்கெல்லாம் போய்விடும். இரண்டு கோரிக்கைகளுக்கு இடையே சில நொடி இடைவெளி விடுவது, பொதுச் சொத்தைப் பயன்படுத்துவோர் காட்ட வேண்டிய மரியாதை.

இறங்கிய பின் முதலில் பருமனைப் பாருங்கள். லேபிளிலிருந்து நீங்கள் போட்ட கணக்குக்குக் குறைவாக இருந்தால் கோப்பு அறுந்திருக்கிறது. பருமன் சரியாக இருந்தும் உள்ளே பிழை இருக்கலாம். அதற்குத்தான் எம்டி5 என்னும் சரிபார்ப்பு எண். பிடிஎஸ்4 லேபிள்களில் அது பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும். பழைய தொகுதிகள் பலவற்றில் தனிப்பட்டியலாக இருக்கும். லினக்ஸில் எம்டி5சம், விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கட்டளைகள் உங்கள் கோப்பிலிருந்து அந்த எண்ணைக் கணக்கிட்டுத் தரும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கோப்பின் பெயரை ஒருபோதும் மாற்றாதீர்கள். லேபிள் தனியாக உள்ள தொகுதிகளில் லேபிளுக்குள் தரவுக் கோப்பின் பெயர் எழுதப்பட்டிருப்பதால், பெயரை மாற்றினால் திறக்கும் மென்பொருள் கோப்பைக் காணவில்லை என்று நின்றுவிடும். அதே காரணத்துக்காக இரண்டையும் ஒரே கோப்புறையில் வைத்திருக்க வேண்டும்.

பழைய தொகுதி ஒன்றின் கோப்புறைகளையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தரவுக் கோப்புறையோடு ஆவணம், செப்பனிடல், அட்டவணை என்று தனித்தனிக் கோப்புறைகள் இருக்கும். அட்டவணைக் கோப்புறையில் அந்தத் தொகுதியின் அத்தனை படங்களும் வரிக்கு ஒன்றாக, தேதி, இடம், ஒளிக்கோணம் ஆகியவற்றோடு பட்டியலிடப்பட்டிருக்கும். விரிதாளில் அதைத் திறந்து வடிகட்டினால், தேடுகருவி வேலை செய்யாத நாளிலும் நீங்கள் தேட முடியும். ஆவணக் கோப்புறையில் உள்ள கருவி விளக்கத்தைப் படிப்பவர் குறைவு. எழும் ஐயங்களில் பெரும்பகுதிக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

திறந்து பார்த்தல்

இலவச வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ், பிடிஎஸ்3, பிடிஎஸ்4 கோப்புகள் பலவற்றை நேராகத் திறக்கும். லேபிள் ஒட்டிய கோப்பானால் அந்தக் கோப்பையே திறக்க வேண்டும். தனி லேபிளானால் லேபிளைத் திறக்க வேண்டும். திறந்தவுடன் படம் முழுக் கறுப்பாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். ஒளி வீச்சை நீட்டினால் தெரியும். குறுங்கோணக் கேமராவின் மூலப் படங்களும் செப்பனிட்ட படங்களும் வரைபடத்தில் பொருத்தப்பட்டவை அல்ல. வடக்கு கீழே இருக்கலாம், இடமும் வலமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறியிருக்கலாம். நிலப்படத்தோடு சரியாகப் பொருத்த அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஐசிஸ் மென்பொருள் வேண்டும். அது லினக்ஸில் இயங்குவது. கற்க நாள் பிடிக்கும். முதல் மாதத்தில் அதைத் தொட வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 27 படத்தில் தரையிறங்கியைத் தேடும்போது, அது ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலமே கொண்டது, படத்தில் சில புள்ளிகளுக்குள் அடங்கிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். எந்திரத்தின் புகைவீச்சு மண்ணைக் கிளறியதால் அதைச் சுற்றி உண்டான வெளிர்ந்த வட்டத்தைத் தேடுவதே எளிது. பிறகு அதே இடத்துக்குத் தரையிறங்குவதற்கு முந்தைய படங்களைத் தேடி, அவற்றுள் ஒளிக்கோணமும் ஒளி வரும் திசையும் நெருக்கமாக ஒத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒளி ஒத்திராத இரு படங்களை ஒப்பிட்டால், ஒவ்வொரு கல்லின் நிழலும் புதிய பொருளாகத் தோன்றி ஏமாற்றும்.

இந்த ஒப்பிடும் முறையால்தான் 2019இல் நிலவில் மோதி நொறுங்கிய சந்திரயான்-2இன் விக்ரமிலிருந்து சிதறிய துண்டு கண்டறியப்பட்டது. சென்னையில் பணியாற்றிய பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், 2019 செப்டம்பர் 17 அன்று எடுக்கப்பட்டுப் பின்னர் பொதுவில் வைக்கப்பட்ட எல்ஆர்ஓ படத்தைப் பழைய படங்களோடு தம் கணினியில் ஒப்பிட்டு, புதிதாகத் தோன்றிய ஒரு வெண்புள்ளியைக் கண்டு தெரிவித்தார். நாசா அதை ஆராய்ந்து, அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று உறுதி செய்தது. மோதிய இடம் ஏறத்தாழ தெற்கு 70.88, கிழக்கு 22.78 பாகை. விக்ரம் பயிற்சியை முடித்தவர்கள், இந்த எண்களைக் கொண்டு அந்தத் தேடலைத் தாமே மறுபடி செய்து பார்க்கலாம்.

நாமக்கல் பாறையும் நிலவின் பாறையும்

இரண்டாம் பெரிய பயிற்சி நிறமாலைத் தரவு பற்றியது. நிலவின் வெளிறிய மேட்டு நிலங்கள் பெரும்பாலும் அனார்த்தசைட்டால் ஆனவை. சித்தம்பூண்டிப் பாறையைப் போலவே கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேஸ் கனிமம் அதில் மேலோங்கி இருக்கிறது. சந்திரயான்-1இல் பயணித்த நாசாவின் எம்3 கருவி, 2008 நவம்பர் முதல் 2009 ஆகஸ்ட் வரை நிலவின் மேற்பரப்பைப் பல அலைநீளங்களில் பதிவு செய்தது. அதன் தரவுகள் பிடிஎஸ் காப்பகத்தில் இருக்கின்றன, ஓடிஈ வழியாகவும் தேட முடியும். ஓரியன்டேல் படுகையை எடுத்துக்கொள்ளுங்கள்: தெற்கு 19.4, மேற்கு 92.8 பாகை. கிழக்கு நோக்கிய கணக்கில் 267.2. அதன் உள் ரூக் மலைவளையத்தில் தூய அனார்த்தசைட் இருப்பது எம்3 தரவில் கண்டறியப்பட்டிருக்கிறது.

கோப்பின் பெயரே இங்கு பாதி விவரத்தைச் சொல்லிவிடும். கருவியின் பெயரை அடுத்து வரும் எழுத்து ஜி என்றால் நிலவு முழுவதற்குமான பொதுப் பதிவு. டி என்றால் குறிப்பிட்ட இடத்துக்கான நுண்பதிவு. பிறகு ஆண்டு, மாதம், நாள், நேரம் வரும். கடைசியில் ஆர்எஃப்எல் என்றிருப்பது ஒளி எதிரொளிப்பு, ஆர்டிஎன் என்றிருப்பது கதிர்வீச்சளவு, எல்ஓசி என்றிருப்பது ஒவ்வொரு புள்ளியின் இடம். நமக்கு எதிரொளிப்பும் இடமும் தேவை. இவை வெவ்வேறு நிலைத் தொகுதிகளில் கிடப்பதால், ஒன்றை மட்டும் இறக்கிவிட்டு வரைபடத்தில் வைக்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. தேதியும் நேரமும் ஒத்த இரண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

பருமனை மறுபடி கணக்கிடுங்கள். பொதுப் பதிவில் வரிக்கு 304 புள்ளி, ஒவ்வொன்றுக்கும் 85 அலைநீளம், ஒவ்வோர் எண்ணுக்கும் 4 பைட். ஆக ஒரு வரிக்கே 1,03,360 பைட். பத்தாயிரம் வரி கொண்ட பட்டை ஒரு ஜிபியைத் தாண்டும். ஆகவே ஓரியன்டேலை முழுவதும் மூடும் பட்டைகளையெல்லாம் கூடையில் போடாமல், முன்னோட்டத்தைப் பார்த்து, உள்வளையத்தைக் கடக்கும் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கோப்போடு ஹெச்டிஆர் என்ற சிறு தலைப்புக் கோப்பும் கிடைக்கும். அதையும் இறக்கி அதே கோப்புறையில் வைத்தால் பெரும்பாலான மென்பொருள்கள் தயங்காமல் திறக்கும். திறந்தபின் மலைவளையத்தில் ஒரு புள்ளியின் நிறமாலையை வரைந்து, 1.25 மைக்ரோமீட்டர் அருகே அகலமான பள்ளம் ஒன்று தெரிகிறதா என்று பாருங்கள். பிளாஜியோகிளேஸில் இம்மி அளவில் கலந்திருக்கும் இரும்பினால் விழும் பள்ளம் அது. சாதாரண மேட்டு நிலத்தில் விண்கல் மோதல்களால் கனிமத்தின் படிக ஒழுங்கு குலைந்திருப்பதால் அது தெரியாமல் போகும். அதனால் மலைவளையத்தில் ஒரு புள்ளி, வெளியே ஒரு புள்ளி என்று இரண்டையும் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே சரியான முறை.

இந்த அளவு கைவந்தபின் பிரதானில் பதிவு செய்து, சந்திரயான்-2இன் நிலப்பரப்புக் கேமரா எடுத்த, புள்ளிக்கு 5 மீட்டர் நுணுக்கம் கொண்ட படங்களை இதே வரிசையில் தேடலாம். அங்கும் லேபிள் எக்ஸ்எம்எல், அங்கும் நேரம் உலகப் பொது நேரம். இறக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்திலோ விரிதாளிலோ கோப்பின் முழுப்பெயர், தொகுதியின் அடையாளப் பெயர், பதிப்பு எண், எடுத்த இணைப்பு, இறக்கிய தேதி, தேடலில் போட்ட வடிகட்டிகள் ஆகியவற்றை எழுதிவையுங்கள். தொகுதிகள் சில வேளைகளில் திருத்தப்பட்டுப் புதிய பதிப்பாக வெளிவரும். கல்லூரித் திட்ட அறிக்கையில் தரவைக் குறிப்பிடும்போது பதிப்பு எண்ணையும் தொகுதிக்கு வழங்கப்பட்ட டிஓஐ என்னும் நிலையான அடையாள எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த இரண்டும் தொகுதியின் முகப்புப் பக்கத்திலேயே இருக்கும்.